இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

"இது இல்லம்மா" என்று இயர்போனைக் காதிலிருந்து கழற்றினாள் தங்கபுஷ்பம்.

இரண்டாவது கம்பெனியும் போயிற்று.

பாண்டி பஜாரில் ஒரு சந்துக்குள், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் புஷ்ரா. மணி இரண்டாகியும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் ஸ்டூலில் தங்கபுஷ்பம். அறுபத்தெட்டு வயதுக்கு அந்த ஸ்டூல் கொஞ்சம் உயரம். கால் தரையில் பாவவில்லை.

பாட்டுக் கேட்கும் பிளேயரை வாங்கியாகிவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஊதா நிறம். அதைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்டர்நெட்டில் பாட்டுத் தரும் கம்பெனிகளில் எதிலிருந்து அதில் பாட்டை ஏற்றுவது என்பதில்தான் ஒரு மணி நேரமாக வண்டி நிற்கிறது.

"இன்னா ஆன்ட்டி நீங்க! அதே பாட்டு, அதே பாடகர், அதே மியூசிக். பொண்ணுக்கு மாப்ள பாக்கற மாதிரி நொட்டை சொல்லிக்கினே இருக்கீங்களே."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டி, அது இல்லை என்றுதான் சொன்னாள்.

வடபழனி வீட்டில் மூன்று வருஷமாக மத்தியானம் தவறாமல் ஓடிய கேசட்டில் இருந்த பாட்டு அது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் கேசட்டைப் போடுவாள். அப்புறம் பொழுது எப்படியோ சாயங்காலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போன வாரம் நாடா சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இடியாப்பமாக வந்து விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் பிரிட்ஜ் சத்தம் மட்டும்தான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் ஷண்முகப்ரியா, இதுக்கா இத்தனை விசாரம் என்று தன் போனிலேயே அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். இது இல்லடி என்றாள் தங்கபுஷ்பம். மறுபடி போட்டாள். மறுபடியும் இல்லை என்றாள்.

மகள் பால்கனிக்குப் போய், அம்மாவை ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று புருஷனிடம் போனில் மெல்லச் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

அதுதான் தைத்தது. மூன்று வருஷமாகத் தான் கேட்டது நாடாவில் இருந்ததா, தன் மண்டைக்குள் இருந்ததா? கேட்டுத் தெளிய இப்போது கேசட்டும் இல்லை.

புஷ்ரா கெட்டிக்காரி. இந்த ஆன்ட்டி பாட்டை முதலிலிருந்து கேட்பதில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். பல்லவி வேண்டாம், முதல் சரணம் வேண்டாம். இரண்டாவது சரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். நான்கைந்து விநாடி. அதற்குள் முகம் வாடிவிடுகிறது.

"சரி, இன்னொண்ணு கீது" என்றாள் புஷ்ரா. "இதுல மாசச் சந்தா எல்லாம் கெடையாது. ஒவ்வொரு பாட்டா வாங்கி டவுன்லோட் பண்ணணும். அந்த ரெண்டும் வாடகை வூடு மாதிரி ஆன்ட்டி. கோடிப் பாட்டு தருவான், ஆனா அவன் எப்ப வந்து செவுத்துக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சாலும் நீங்க கேக்க முடியாது. இது வாங்கினா உங்களுது. பழைய ரெக்கார்டுலருந்து அப்படியே ஏத்தினது."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள்.

புல்லாங்குழல் இழுத்து நின்றது. வயலின்கள் எழும்பின.

அவள் கை கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தது.

கண்ணைத் திறக்காமலே, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். பிறகு இன்னொரு தடவை. வெளியே ஒரு ஆட்டோக்காரர் யாரையோ திட்டிக்கொண்டு போனார். அவளுக்கு அது எட்டவில்லை. தன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று புஷ்ராவும் ஒரு காதில் மாட்டிக் கேட்டாள்.

"அய்ய, நடுவுல யாரோ இருமறாங்க ஆன்ட்டி! அதான் மத்த கம்பெனில சுத்தம் பண்ணிட்டானுங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க. வாங்கினதும் ரெண்டே நிமிஷத்துல நானே அத எடுத்துடறேன். பாட்டு புதுசாட்டம் ஆயிடும்."

சொல்லிக்கொண்டே மௌஸை நகர்த்தினாள்.

தங்கபுஷ்பம் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் முத்துகிருஷ்ணன் பாடகர் இல்லை. வாத்தியக்காரரும் இல்லை. பாட்டுப் பதிவு தொடங்கும்போது ஸ்டுடியோவில் மின்விசிறியை அணைத்துவிட்டு, முடியும்வரை கதவோரம் சத்தம் காட்டாமல் நிற்பது அவருடைய வேலை. முப்பது வருஷம் அப்படி நின்றார். ஒரே ஒரு நாள் தொண்டை காலை வாரிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டை அவர் வீட்டில் போடவிட்டதில்லை. டீக்கடையில் ஓடினால் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவார், அவ்வளவு வெட்கம்.

போட்டோ நிறைய இருக்கிறது. குரலைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பாட்ட வேணும்னா எடுத்துக்கோ தாயி" என்றாள் தங்கபுஷ்பம். "இருமல விட்டுரு."