அண்ணியின் நெற்றி

பெற்ற பெண் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அம்மாக்காரி முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்புகிறாள்.

விஷயம் தெரிந்ததும் நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக்கிலிருந்து வந்த போனை எடுத்ததே அவள்தான். நாளை பதினோரு மணிக்கு மறக்காமல் வரச் சொல்லுங்கள் என்றது ஒரு தேன் குரல். எதற்கு என்று இவள் துருவித் துருவிக் கேட்டதில், நெற்றிச் சுருக்கத்துக்கு என்று பதில் வந்தது.

வீட்டில் நாத்தனாருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். அவள் காதில் விழுந்தது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் குடும்ப மானம்தான் போகும். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்குப் பல்வலி மாதிரி இருந்தது.

நாற்பத்தேழு வயதுவரை அண்ணி முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டதில்லை. அப்படிப்பட்டவள் நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறாள், புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். கதவிடுக்கில் இதைப் பார்த்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணனிடம் முறையிட்டாள். "போட்டுக்கட்டும், விடு" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். இந்த வீட்டில் கேட்க ஆளில்லாமல் போயிற்றே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. ரத்தத்தில் புற்று. ஏழு மாதமாக மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. போன வாரம் கடைசியாக ஒரு டெஸ்ட் எடுத்திருந்தார்கள். மருந்துக்கு நோய் கேட்டிருந்தால் பிழைத்துவிடுவாள். கேட்கவில்லை என்றால் கொடுப்பதற்கு வேறு மருந்து இல்லை. ரிப்போர்ட் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளை எப்படித் தள்ளுவது என்று நாத்தனாருக்கே சோறு இறங்கவில்லை. அண்ணிக்கு மட்டும் நெற்றிக் கவலை.

மறுநாள் தானும் வருவேன் என்று கூடவே கிளம்பினாள். அண்ணி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கிளினிக் ஹாலில் குளிர் ஆளைத் தூக்கியது. சுவரெல்லாம் ஒரு கோடுகூட இல்லாத முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. நாத்தனாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தலையில ஒத்த முடி இல்லாம அவ அங்க படுத்திருக்கா. உங்களுக்கு இப்ப அழகு கேக்குதா அண்ணி?"

பெயரைக் கூப்பிட்டதும் அண்ணி எழுந்து உள்ளே போனாள். நாத்தனாரும் விடாமல் பின்னாலேயே போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகத்தைச் சுளிக்கச் சொன்னாள். அண்ணி சுளித்தாள். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்தன. டாக்டர் வெள்ளைப் பென்சிலால் அங்கங்கே புள்ளி வைத்தாள். மருந்தைக் குறைவாகத்தான் போடப்போவதாகவும், அப்போதுதான் முகம் இயல்பாக இருக்கும் என்றும் சொன்னாள்.

"குறைவா வேண்டாம் டாக்டர். இந்த இடம் கொஞ்சங்கூட அசையக் கூடாது."

"அப்படிப் போட்டா பலகை மாதிரி ஆயிடும்மா. நீங்க கோபமா இருக்கீங்களா, கவலையா இருக்கீங்களான்னு வீட்ல யாருக்கும் தெரியாது."

"அதுதான் எனக்கு வேணும்."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தாள். வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள்.

"நல்லாக் கேளுங்க" என்றாள் நாத்தனார், மூலையிலிருந்து. "பெத்த பொண்ணு உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கா. அதுதான் விசேஷம்."

அண்ணி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"டாக்டருங்க சொல்றதை என் பொண்ணு நம்ப மாட்டா. நான் சொன்னாலும் நம்ப மாட்டா. என் நெத்தியைத்தான் பார்ப்பா. சின்னதிலிருந்தே அப்படித்தான். முதல் ரிப்போர்ட் வந்தப்ப, ஒண்ணுமில்லடின்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். இந்த ரெண்டு கோட்டைப் பார்த்துட்டா. பதினஞ்சு நாள் சுவத்தைப் பார்த்தே படுத்திருந்தா. ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடலை. இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறா. காலேஜுக்குத் திரும்பப் போறதைப் பத்திப் பேசுறா. நானும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்துட்டேன். வாய் சிரிக்குது. கண்ணுகூடச் சிரிக்குது. இந்த நெத்திதான் காட்டிக் கொடுத்துடுது."

நேற்றிலிருந்து மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் நினைத்து நாத்தனாருக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி கெட்டதையே நினைக்கிறீங்க? ரிப்போர்ட் வர இன்னும் பத்து நாள் இருக்கு. நல்லதாத்தான் வரும், பாருங்க."

அண்ணி நாற்காலியில் சாய்ந்து, ஊசிக்கு நெற்றியைக் காட்டியபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது வெள்ளிக்கிழமையே வந்துடுச்சும்மா. ஊசி முழுசாப் பிடிக்கப் பத்து நாளாவது ஆகும்னு இங்க சொன்னாங்க. அதைக் கணக்குப் பண்ணித்தான் அவகிட்ட நாள் சொல்லியிருக்கேன்."