பயம் போக ஒரு வகுப்பு

"அப்பா ராத்திரி பூரா முழிச்சே கெடக்கறாருங்க" என்றாள் அங்கம்மா.

குன்னூர் தியான வகுப்பின் மாஸ்டர் லெஸ்லி சிரித்தார். "இதுல மதமெல்லாம் இல்லீங்க, மனசுக்கு மட்டுந்தான். ஐயா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க, பயம் போயிரும். புத்தம் சரணம் கச்சாமி."

அங்கம்மாவின் அப்பா மாரிச்சாமி கண்ணை மூடிச் சொன்னார். மாஸ்டர் நிறுத்திய பிறகும் நிறுத்தாமல், அடுத்தடுத்த வரிகளையும் பிசகாமல் சொல்லி முடித்தார்.

"அருமைங்க! எந்த மடத்துல கத்துக்கிட்டீங்க?"

"சிலோன் தோட்டத்துலங்க. கலவரத்துல சிங்களவனுங்க பஸ்ஸை மறிச்சு இதைத்தான் சொல்லச் சொல்லுவானுங்க. சொல்லத் தெரியாட்டி தமிழாளுன்னு இறக்கி வெட்டிருவானுங்க. அதனால நானும் பொண்டாட்டியும் உக்காந்து மனப்பாடம் பண்ணுனோம்."

மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இவ அம்மாவுக்குத்தான் பஸ்ல பாதியில மறந்துபோச்சுங்க."