வலது கை

தொப்பு, தொப்பு என்று ஈரத்தோல் புரண்டு விழும் சத்தம். தோல் பதனிடும் ஷாப்பில் பெரிய மர டிரம் சுற்றும்போது வருவது. ஷாப்பை ஒட்டிய வீட்டில் கைக்குழந்தையாக இருந்தபோது ஜாஸ்மின் அந்தச் சத்தத்தில் தூங்குவாள். அது நின்றால்தான் விழித்து அழுவாள். இதை அவள் அப்பா, டிரம்காரர் ஆரோக்கியசாமி ஆம்பூர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

அதே வாயால்தான், மகளின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பெரிய பத்திரிகையில் வரப்போகிறது என்றும் டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார். தோல் ரசாயனம் தொழிலாளர் கையை என்ன செய்கிறது என்ற கட்டுரை.

இப்போது அங்கே வேண்டாமென்று எழுதிவிட்டாளாம். ஒரு பல்கலைக்கழகத்தார் நடத்தும் இதழில் போட்டாயிற்றாம். போடவும் காசு வேண்டாம், படிக்கவும் காசு வேண்டாம். கைக்கு வந்த பேரைத் தட்டிவிட்டாள் என்று அவளுடைய துறைத் தலைவரே போன் செய்து வருத்தப்பட்டார்.

"பேப்பருக்குள்ள சும்மா வெச்சுக் குடுக்கிறானே நோட்டீசு, அந்த மாதிரியா?"

"இல்லப்பா. இதுலயும் விஷயம் தெரிஞ்சவங்க படிச்சுப் பாத்துத்தான் போடுவாங்க."

"அப்ப அந்தப் பெரிய பத்திரிகை இன்னா பாவம் பண்ணுச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை. கடைசியில் தவ்ஃபீக் வழி மறித்தார். ஒரே டிரம்மில் வேலை செய்து முடி நரைத்த தோஸ்த்.

"இன்னா ஆரோக்கியம், பொண்ணு பெரிய ஆளாயிட்டா டீ கசக்குதா?"

இழுத்துக்கொண்டு போனார். கடையில் நாலைந்து பேர் ஒரு போன் மேல் குனிந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி, வெடித்துக் கறுத்த வலது கையை வழக்கம்போலத் துண்டுக்குள் மறைத்து, இடது கையால் கிளாஸை வாங்கினார். கிண்டலுக்குக் காத்திருந்தார்.

தவ்ஃபீக் போனை நீட்டினார். ஜாஸ்மினின் கட்டுரை. நடுவில் ஒரு கை. முகமில்லை, பெயரில்லை. போன வருஷம் மகள் கேட்டுவிட்டு எடுத்த படம். அவர்தான் மறந்துபோயிருந்தார்.

"எனக்கு இங்கிலீசு வராது. ஆனா டிரம் கதவுல மாட்டிக் கோணிப்போன இந்தச் சுண்டு விரலு தெரியாதா? ஷாப்புக்கு வர்ற டாக்டரு எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. முதலாளி போன்லகூட இப்ப உன் கைதான்."

டீ ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெரிய பத்திரிகையில போட்டிருந்தா தவ்ஃபீக்கு பாத்திருப்பானா?"

"மூணாயிரம் ரூபாய்க்கு மேல கட்டினாப் பாக்கலாம்ப்பா" என்றாள் ஜாஸ்மின். "உன் கையப் பாக்க நீயும்தான் கட்டணும்."

ஷாப்பில் டிரம்காரர்கள் இப்போது கையுறை போட்டுத்தான் தோலைத் தொடுகிறார்கள். டீக்கடையில் ஆரோக்கியசாமி கிளாஸை வலது கையால் வாங்குகிறார்.