கண்ணாடி வைத்த கார்டு

தையல்காரம்மாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்றைக்கு அது தபால் ஆபீஸ் கவுண்டரில் வெடித்தது.

"என்ன சார் இது? எல்லாரோட கவரும் மூட்டைக்குப் போகுது. என்னோடது மட்டும் உங்க மேஜை டிராயருக்குள்ள போகுது!"

கிளார்க் சிடுமூஞ்சி. நிமிரவே இல்லை. "போய்ச் சேரும்மா. நகருங்க, அடுத்த ஆள் வரட்டும்."

ஹாஸ்டலில் இருக்கும் மகளின் பிறந்தநாளுக்கு, குட்டிக் குட்டிக் கண்ணாடி வைத்து மூன்று நாள் கண் வலிக்கத் தைத்த கார்டு அது. விட்டுவிடுவாளா?

"யாரைத்தான் நம்பறது?" என்று பின்னால் நின்ற பெண்ணிடம் பொரிந்தாள். "போன வருஷம் நான் கடை திறந்தப்போ என் தங்கச்சி இதே மாதிரி கார்டு அனுப்பினா. பிரிச்சா, அத்தனை கண்ணாடியும் சில்லுச் சில்லா கிடக்கு! 'முழுசாத்தான்க்கா ஒட்டினேன்'னு போன்ல ஒரே அழுகை. எல்லாம் நடிப்பு! வயித்தெரிச்சல்ல உடைஞ்சதை அனுப்பியிருக்கா. அதோட பேச்சை விட்டுட்டேன்."

கிளார்க்கைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று வாசலிலேயே நின்றாள்.

சாப்பாட்டு இடைவேளை வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. கிளார்க் டிராயரிலிருந்து ஏழெட்டுக் கவர்களை எடுத்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஓரத்தில் மெதுவாக முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவள் கவர்தான் மேலே.

"சாப்பிடாம என்ன சார் பண்றீங்க?"

"மூட்டையில போறதெல்லாம் முத்திரை மெஷினுக்குப் போகும்மா. உருளை நசுக்கிடும். பொத்தான், கண்ணாடின்னு புடைச்சுக்கிட்டு வர்றதை மட்டும் நானே கையால குத்தி, தனிப் பையில அனுப்பறேன். இந்த நேரத்துலதான் முடியுது."

"கண்ணாடி... நல்லா முழுசா ஒட்டியிருந்தாலுமா?"

"எப்படி ஒட்டினா என்ன? பிரிக்கும்போது சில்லுதான் கொட்டும்."

தையல்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு முந்தைய அழுகை இப்போதுதான் காதில் விழுந்தது.

"அட, எதுக்கும்மா அழறீங்க? உங்க கார்டு பத்திரமா போயிடும்."

"இது போகும் சார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு இன்னொண்ணு தச்சு எடுத்துட்டு வர்றேன். அதையும் உங்க டிராயர்லயே போடுங்க. என் தங்கச்சிக்கு."