சிவப்புக் கடல்

"கடலுக்குச் சிவப்பு அடிச்சிருக்கான் மேடம் எம்புள்ளை! நிலாவுக்குப் பச்சை! என்னடா இதுன்னு கேட்டா, ஸ்பானிஷ் டீச்சர் அப்படித்தான் சொன்னாங்கன்றான்!"

அந்தம்மா படத்தை ஹெச்.எம். மேசையில விரிச்சுப் போட்டாங்க.

பக்கத்துல மார்க் ஷீட்டோட நின்ன கணக்கு சாருக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. பின்னே? மூணாம் கிளாஸ்ல அவரோட மதிய பீரியடைப் பிடுங்கித்தானே ஸ்பானிஷுக்குக் குடுத்தாங்க!

அன்னையிலேர்ந்து ஸ்டாஃப் ரூம்ல தினமும் அவரோட நாடகம்தான். துப்பட்டா மாதிரி துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "ஓலா குழந்தைங்களா, ஓலா!"ன்னு டீச்சர் குரல்லயே இழுப்பார். "வணக்கமாம் அது! ஓலா ஓலான்னா, பாடம் நடத்த வந்தாங்களா, ஓலைக் கூரை வேய வந்தாங்களா?"

அந்தம்மா போனதும் ஹெச்.எம். சொன்னாங்க: "சார், இன்னைக்கு அந்த கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாருங்க. அந்த டீச்சருக்குப் பாடமே தெரியலைன்னா இந்த வாரத்தோட அனுப்பிடறேன்."

சார் அப்பவே பேனாவுக்கு மை ஊத்திட்டார்.

மதியம். வெயில் நீல ஜன்னல் துணி வழியா வடிஞ்சு, ரூமே தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருந்துச்சு. புள்ளைங்க எல்லாம் பெஞ்சு மேல தலை சாய்ச்சிருந்தாங்க.

"கண்ணை மூடுங்க," டீச்சர் குரல் பஞ்சு மாதிரி வந்துச்சு. "நாம கடற்கரைக்குப் போறோம். செருப்பைக் கழட்டுங்க. எல் மார்... கடல்... கால்ல தண்ணி படுதா?"

"படுது டீச்சர்..."

சாருக்கும் பட்டுச்சு. சாப்பிட்ட சாப்பாடு கண்ணை இழுக்க, பெஞ்சுக்கடியில ஷூவைக்கூட கழட்டிட்டார் மனுஷன். ஏழாம் வாய்ப்பாடு வரிசையா மீன் மாதிரி நீந்திப் போச்சு.

"கடல் என்ன கலர்? ரோஹோ."

சார் ஒத்தைக் கண்ணைத் திறந்தார். சுவத்துல கலர் சார்ட் தொங்குது. ரோஹோவுக்கு நேரா ரத்தச் சிவப்பு! 'மாட்டினாங்கடா!'ன்னு பேனாவை எடுத்தார்.

"நோ. அசூல்."

குரல் சாருக்குப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. சார்ட்ல அசூலுக்கு நேரா நீலம்.

திரும்பினா, பொம்மை! பேரை விட்டுட்டு சார் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். போன வருஷம் அம்மாவோட கடல் தாண்டி, ஸ்பானிஷ் பேசற ஊர்லேர்ந்து வந்து சேர்ந்த பொண்ணு. ஒரு வருஷமா அவர் கிளாஸ்ல அந்த வாய் திறந்ததே இல்ல. ரிப்போர்ட்ல அவர் கையாலதான் 'மந்தம்'னு எழுதியிருந்தார்.

டீச்சர் திரும்பிக்கூட பார்க்கல. "அப்படியா? அப்போ நிலா பச்சைதானே? வெர்தே?"

"நோ! ப்ளாங்கா!" பொம்மை எந்திரிச்சே நின்னுட்டா. "வெள்ளை!"

புள்ளைங்க எல்லாம் கண்ணை முழிச்சு அவளையே பார்த்துச்சுங்க. பக்கத்துல இருந்தவ, "ஏய், உனக்குப் பேச வருமாடி!"ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டா.

மணி அடிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு தப்பு. ரெண்டையும் பொம்மைதான் திருத்தினா. சார் குறிச்சுக்கிட்டார்: மொத்தம் நாலு.

டீச்சர் புள்ளைங்களை வரிசையா வெளியில கூட்டிட்டுப் போனதும், நம்ம ஆளு மேசைகிட்ட போனார். டீச்சரோட பாட நோட்டுலயும் நாலு தப்பு கிடைக்காதான்னு ஒரு ஆசை. திறந்தார்.

'முதல் நாள்: கடல் சிவப்புன்னு சொல்லணும். கடைசி பெஞ்சுப் பொண்ணு நிமிர்ந்து பார்த்தா.'

'ரெண்டாம் நாள்: நிலா பச்சை. தலையை ஆட்டினா. பேசல.'

'மூணாம் நாள்: மறுபடி கடல் சிவப்பு. உதடு அசைஞ்சுது. நாளைக்குப் பேசிடுவா.'

சார் ஷூவைக்கூட மாட்டாம நோட்டோட ஹெச்.எம். ரூமுக்கு ஓடினார்.

"தப்பு இருந்துச்சா சார்?"

"நாலு மேடம்."

"அப்போ அனுப்பிடலாமா?"

நோட்டை நீட்டினார். படிச்சு முடிச்ச ஹெச்.எம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

"அந்தம்மாவுக்கு என்ன சொல்றது?"

"நாளையிலேர்ந்து கடல் நீலமாயிடும்னு சொல்லுங்க மேடம்."

அடுத்த வாரமே அந்தம்மா திரும்பவும் வந்து நின்னாங்க. "இப்போ கணக்குமா மேடம்? ஏழெட்டு அம்பத்தி நாலுன்றான் எம்புள்ளை! சார் மூணு நாளா போர்டுல அப்படித்தான் எழுதறாராம்!"

அதே நேரம் மூணாம் கிளாஸ்ல சார் நாலாவது தடவையா அந்த அம்பத்தி நாலை எழுதிக்கிட்டிருந்தார். இருபது வருஷத்துல ஒரு கூட்டல்கூட தப்பாத கை.

முன் பெஞ்சு துள்ளுச்சு. "சார், தப்பு சார்!"

"நீ சும்மா இருடா."

சார் கடைசி பெஞ்சு பக்கம் பார்க்காம, சாக்பீஸைத் தேடற மாதிரி தேடிக்கிட்டே நின்னார்.

"நோ..." மெல்லிசா ஒரு குரல். "சின்குவெந்தா இ செய்ஸ்."

சார் இடது கையை மெதுவா விரிச்சார். ஸ்பானிஷ் டீச்சர்கிட்ட கேட்டு காலையில எழுதிக்கிட்டு வந்த அம்பத்தாறு, உள்ளங்கை வேர்வையில லேசா கரைஞ்சிருந்துச்சு. ஆனா எழுத்துக்கு எழுத்து அதேதான்.