ஏறத் தெரிந்த சில்லு

தாயில்லாத அணில்குட்டி சில்லுவை வளர்க்க ஒருவரும் நிலையாக அமையவில்லை. மரம் விட்டு மரம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். போன இடத்திலெல்லாம் ஏறுவதில்தான் பாடத்தை ஆரம்பிப்பார்கள். அடுத்த பாடம் வருவதற்குள் யாராவது அவனை வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு மரத்தில் விட்டுவிடுவார்கள்.

இப்படித்தான் அவன் புங்கமரத்துக் கோமு அத்தையிடம் வந்து சேர்ந்தான். அத்தையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதல்ல ஏறக் கத்துக்கணும்," என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் சில்லு உச்சாணிக் கொம்பில் இருந்தான். மரமே வாயைப் பிளந்தது. இவனுக்கு நாம் என்னத்தைச் சொல்லித்தர என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மத்தியானம் அத்தை கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பசிக்கலை அத்தை," என்றான். வயிறு கூப்பாடு போட்டது.

சாயங்காலமும் கூப்பிட்டாள்.

"இங்கே காத்து நல்லா வருது. இங்கேயே இருந்துக்கறேன்."

அத்தை ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுவரைக்கும் என்னென்ன படிச்சிருக்கே?"

இப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. "ஏறுறது," என்றான் மெதுவாக. "எல்லா மரத்துலயும் அதேதான்."

அத்தை சிரிக்கவில்லை. "இறங்கணும்னா பின்னங்காலைத் திருப்பி, நகத்தைப் பட்டையில மாட்டு. தலை கீழே பார்க்கட்டும்."

சில்லு கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டான். "பாதியில என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?"

"அந்த மரத்துக்கு நான் வந்து மீதியைச் சொல்லித்தரேன். இப்போ அடுத்த அடி வை."

வைத்தான்.

"அத்தை, பசிக்குது," என்றான்.