பலகை வருவதற்கு முன்

அந்த வீடியோ கேமை ஒற்றை ஆளாக ஆடவே முடியாது. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் இரண்டு பேர் கையில் இருந்தால்தான் முதல் கதவே திறக்கும். ஜெசிந்தாவுக்கு அதில் பிடித்ததே அதுதான். கல்யாணமான புதிதில் வாங்கியது. வேலை விட்டு வந்ததும் அவளும் பிரிட்டோவும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் தொடுவதில்லை என்று பேச்சு.

விழுந்து விழுந்து எழுந்து, இன்றைக்குத்தான் பனிமலையைத் தாண்டினார்கள். அவள் கைதட்டி முடிப்பதற்குள் திரையில் புதிய இடம் விரிந்தது. மொட்டைப் பாறையின் விளிம்பு. அதற்கப்பால் வெறும் பள்ளம்.

"இருங்க, கால் வைக்க ஒண்ணுமே காணோமே" என்றாள்.

பிரிட்டோ கொட்டாவி விட்டபடியே குதித்தான். அவன் பொம்மை அந்தரத்தில் விழத் தொடங்கியபோது, திரைக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு பலகை மிதந்துவந்து அதன் காலடியில் சரியாகப் பொருந்தியது. தன் வீட்டுப் படியில் இருட்டில் இறங்குகிறவனைப் போல நின்றது பொம்மை. பலகை அதை அக்கரையில் இறக்கிவிட்டது.

"வா ஜெசி, அது திரும்பி வரும்."

"நாம இங்க வந்ததே இல்லையே?"

"சும்மா, குருட்டாம்போக்குல குதிச்சேன்." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பலகை அவளிடம் வந்து நின்றது. ஜெசிந்தா தன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யார் கையில இருந்துச்சுங்க?"

பலகை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வெறுமையாகத் திரும்பிப் போனது.